கருத்தடைக்குத் தேறாத மாத்திரை

எங்கள் ஊரான மயிலாடியில் ஒரு பெண்ணுக்கு மார்பில் இருப்பது புற்றுக்கட்டிதான் என்று உறுதியாகிவிட்டால், வீட்டில் அடுத்த பேச்சு எந்த ஊருக்குப் பஸ் ஏறுவது என்பதுதான். திருவனந்தபுரம் ஆர்.சி.சி.யா, நெய்யூரா, ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜா? மகன் சென்னையில் வேலை பார்த்தால் அடையாறா? ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அஞ்சுகிராமத்தில் ஒரு அக்காவுக்கு எங்கே குணமானது, வழுக்கம்பாறையில் ஒருவர் எங்கே போய் எவ்வளவு கடனாளியானார் என்று கதைகள் வந்து விழும். ஆபரேஷனில் மார்பை முழுக்க எடுப்பார்களா, கீமோ எத்தனை தடவை, முடி கொட்டினால் திரும்ப முளைக்குமா, கரண்ட் என்கிற கதிர்வைத்தியம் எத்தனை நாள் வைப்பார்கள் என்று மூன்று வைத்தியத்தைப் பற்றியும் விடிய விடியப் பேசுவார்கள்.

நாலாவதாக ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எல்லாம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, பலருடைய டிஸ்சார்ஜ் சீட்டில் கடைசி வரியாக அது இருக்கும்: டமாக்சிஃபென் 20 மில்லிகிராம், தினம் ஒன்று. மருந்துக் கடையில் ஒரு மாத்திரை சில ரூபாய்க்குக் கிடைத்துவிடும். மலிவு என்பதாலேயே அது வைத்தியம் என்ற கணக்கில் சேருவதில்லை. சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை வரிசையில் போய்விடுகிறது. மார்பகப் புற்றுநோயில் இதைவிட அதிக உயிரைக் காத்த மருந்து வேறில்லை என்று சொல்லும் மருத்துவர்கள் உண்டு. என் கட்சியும் அதுதான். அந்த மாத்திரை பிறந்த கதையைக் கேட்டால், அலட்சியம் அதற்குப் புதிதல்ல என்பது தெரியும். அதை முதலில் அலட்சியம் செய்தது பெற்றெடுத்த கம்பெனியே.

புற்றுநோய் எங்கள் மாவட்டத்துக்கு நேற்று வந்த விருந்தாளி அல்ல. மயிலாடி வேதமாணிக்கம் மகாராசன் அழைத்து, லண்டன் மிஷன் பாதிரியார் ரிங்கல்தௌபே இந்த ஊருக்கு வந்தது 1806இல். இங்கே வேர்விட்ட அந்த மிஷன் வேலைதான் 1838இல் நெய்யூரில் வைத்தியசாலையாக வளர்ந்தது. நெய்யூரில் இருந்த டாக்டர் பென்டல், திருவிதாங்கூரில் பார்த்த 1,700 புற்றுநோயாளிகளின் கணக்கை 1908இலேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். 1933இல் ஆர் என்ற டாக்டர் வெற்றிலை பாக்குக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பை லான்செட்டில் எழுதினார். 1924இல் எவரெஸ்டில் ஆக்சிஜன் இல்லாமல் ஏறக்குறைய 28,000 அடி வரைக்கும் ஏறியவரும் நெய்யூரில் கத்தியைப் பிடித்தவருமான டாக்டர் சாமர்வெல்லும் தான் பார்த்த புற்றுநோயாளிகளின் கணக்கைக் கொடுத்தார். கணக்கு எடுத்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அந்தக் காலத்தில் உலகத்தில் எந்த டாக்டர் கையிலும் பெரும்பாலும் இருந்தவை கத்தியும் ரேடியமும் எக்ஸ்ரே கதிரும்தான். மார்பகத்துக்கு அமெரிக்காவின் ஹால்ஸ்டெட் 1880களில் தொடங்கிய ஆபரேஷன்தான் வேதம். மார்பு, அதன் அடியிலுள்ள தசை, அக்குளின் நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒட்ட வழித்தெடுத்துவிடுவார்கள். முக்கால் நூற்றாண்டு காலம் அதைக் கேள்வி கேட்டவர்கள் சிலரே.

கத்தி எட்டாத இடத்துக்கு வேறு வழி தேடியவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜார்ஜ் பீட்சன். 1876இல் அவர் படிப்பை முடித்த இளம் டாக்டர். புத்தி பேதலித்த ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நாட்டுப்புறத்தில் ஒரு பெரிய ஆட்டுப்பண்ணைக்குப் பக்கத்தில் வாசம். கையில் நேரம் நிறைய இருந்ததால், பால் சுரப்பு எப்படி நடக்கிறது என்பதையே தன் பட்டத்துக்கான ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். சில நாடுகளில் கன்று ஈன்ற பசு தொடர்ந்து கறக்க வேண்டுமென்றால் அதன் சினைப்பையை எடுத்துவிடுகிறார்கள் என்ற செய்தி அவர் காதுக்கு வந்தது. அவருக்கு உறைத்தது இதுதான்: மார்பு ஓரிடத்தில், சினைப்பை வேறோரிடத்தில், நடுவே நரம்புத் தொடர்பு ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் அங்கே கை வைத்தால் இங்கே மாறுகிறது. ஹார்மோன் என்ற சொல்லே பிறக்காத காலம் அது. அந்தச் சொல் வந்தது 1905இல்.

ஏறக்குறைய இருபது வருடம் கழித்து, 1895இல், கிளாஸ்கோவில் 33 வயதுப் பெண் ஒருத்தி அவரிடம் வந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய். மார்பில் ஆபரேஷன் செய்த இடத்திலேயே புற்று திரும்ப வந்து நெஞ்சுச் சுவரில் பரவியிருந்தது. இனிக் கத்திக்கு வேலையில்லை. பீட்சன் அவளிடமும் கணவரிடமும் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்கி, சினைப்பைகளை எடுத்தார். சில மாதங்களில் கட்டிகள் கரைந்து போயின. அவள் ஏறக்குறைய நாலு வருடம் உயிரோடு இருந்தாள். 1896இல் லான்செட்டில் அவர் இதை எழுதியபோது, புற்றுநோய் ஏதோ கிருமியால் வருவது என்ற எண்ணம் மேலோங்கியிருந்தது. ஒரு ஆட்டுப்பண்ணைக்குப் பக்கத்தில் தொடங்கி லான்செட் வரைக்கும் போன இந்த யோசனைதான் நம்முடைய மாத்திரைக்கு அம்மை வழிப் பூட்டி.

மற்ற டாக்டர்களும் சினைப்பையை எடுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒருத்திக்குத்தான் பலித்தது. எந்த மூன்றில் ஒருத்தி என்று முன்கூட்டித் தெரியாது. மற்ற இருவருக்கும் வயிற்றை வெட்டியது வீண். இந்தப் புதிர் அவிழ 1950களின் கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. சிகாகோவில் எல்வுட் ஜென்சன், கதிரியக்க அடையாளம் வைத்த ஈஸ்ட்ரோஜனை எலிகளுக்குக் கொடுத்து அது எங்கே போய்த் தங்குகிறது என்று தொடர்ந்து பார்த்தார். கருப்பையில் தங்கியது, தசையில் தங்கவில்லை. தங்கும் இடத்தில் அதைப் பிடித்துவைக்க ஒரு புரதம் இருக்கிறது. அதுதான் ஏற்பி, இன்றைய ரிப்போர்ட்டுகளில் ரிசப்டர் என்று இருக்கும். பிறகு மார்பகக் கட்டிகளிலும் பார்த்தார்கள். சில கட்டிகளில் அந்த ஏற்பி உண்டு, சிலவற்றில் இல்லை. சினைப்பையை எடுத்தபோது தேறியவர்கள் பெரும்பாலும் ஏற்பி உள்ளவர்களே.

இனிக் காட்சி இங்கிலாந்தின் செஷயருக்கு மாறுகிறது. ஆல்டர்லி பார்க்கில் ஐ.சி.ஐ. கம்பெனியின் மருந்து ஆராய்ச்சிக்கூடம். 1960இல் அமெரிக்காவில் கருத்தடை மாத்திரை கடைக்கு வந்துவிட்டது. பல மருந்துக் கம்பெனிகள் அந்தச் சந்தையின் மேல் கண் வைத்தன. ஐ.சி.ஐ.யில் இனப்பெருக்க ஆராய்ச்சிக்குத் தலைவர் ஆர்தர் வால்போல். ஈஸ்ட்ரோஜனை எதிர்க்கும் ஒரு பொருள் கிடைத்தால், உறவுக்குப் பிறகு மறுநாள் போட்டுக்கொள்ளும் மாத்திரையாக்கிவிடலாம் என்பது திட்டம். அந்தப் பொருள்களைச் செய்துகொடுத்த வேதியியலாளர் டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண். ஆண்கள் நிறைந்த கூடத்தில் ஒரு பெண் வேதியியலாளர் 1962இல் தயாரித்த பொருளுக்குக் கம்பெனி கொடுத்தது பெயர் அல்ல, எண்: ஐ.சி.ஐ. 46,474.

அந்தப் பொருளை அவர் செய்தபோது அது இரண்டு உருவத்தில் வந்தது. அணுக்கள் ஒன்றே, எண்ணிக்கையும் ஒன்றே. ஒரு பிணைப்பின் எந்தப் பக்கம் எது நிற்கிறது என்பதில் மட்டும் வித்தியாசம். ஒன்று ஈஸ்ட்ரோஜனை எதிர்த்தது, மற்றது ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொண்டது. இரண்டையும் பிரித்தெடுப்பது லேசான வேலை அல்ல. ரிச்சர்ட்சன் பிரித்தார். வால்போலும் அவருடைய கூட்டாளி ஹார்ப்பரும் அவற்றின் நேரெதிர்க் குணத்தை 1966இல் நேச்சர் பத்திரிகையில் எழுதினார்கள். இன்று டமாக்சிஃபென் என்று நாம் விழுங்குவது அந்த எதிர்க்கும் உருவம் மட்டுமே. பிரிக்காமல் கலந்தே விட்டிருந்தால் ஒன்றின் வேலையை மற்றது கெடுத்திருக்கும். இந்த மாத்திரையின் சரித்திரத்தைச் சொல்கிறவர்கள் வால்போலையும், பின்னால் இந்த மருந்தைக் கையில் எடுத்த ஆராய்ச்சியாளர் ஜோர்டனையும் சொல்லிவிட்டு ரிச்சர்ட்சனை ஒரு வரியில் கடந்துபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்தைச் செய்த கை அவருடையது.

எலிகளிடம் மருந்து பிரமாதமாக வேலை செய்தது. கொடுத்த எலிகளுக்குக் கரு தங்கவில்லை. பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது தலைகீழ். சினைமுட்டை வெளிவராத பெண்களுக்கு இதைக் கொடுத்தால் முட்டை வெளிவந்தது. கருவைத் தடுக்க வந்த மாத்திரை கருவுக்கு வழி செய்துகொடுத்தது! பிள்ளையில்லாத பெண்களுக்கு முட்டை வளர இதைக் கொடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. ஆனால் கருத்தடைச் சந்தையைக் கனவு கண்ட கம்பெனிக்கு அது பெருத்த ஏமாற்றம்.

வால்போலுக்கு இன்னொரு பழைய ஆசை இருந்தது. 1949இலேயே அவர் ஈடித் பேட்டர்சனோடு சேர்ந்து, செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கொண்டு மார்பகப் புற்றுக்கு வைத்தியம் செய்வதைப் பற்றி எழுதியவர். கருத்தடைக்குத் தேறாத பொருளை மான்செஸ்டரின் கிறிஸ்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அங்கே மேரி கோல் என்ற பெண் டாக்டரும் கூட்டாளிகளும் நோய் முற்றிய 46 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 10 பேருக்கு நல்ல பலன். 1971இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சரில் வெளியான அந்தச் சின்னக் கட்டுரையில் 10 என்ற எண் யாரையும் அசத்தியிருக்காது. அப்போது வழக்கிலிருந்த மருந்துகளும் ஏறக்குறைய அந்த அளவு பலன் தந்தவைதான். வித்தியாசம் வேறிடத்தில். அந்தப் பழைய மருந்துகள் ஆண் ஹார்மோனும், அளவுக்கு மீறிய ஈஸ்ட்ரோஜனும். ஒன்றால் பெண்ணுக்கு மீசை முளைக்கும், குரல் கட்டையாகும். மற்றதால் ஓயாத வாந்தி, உடம்பில் நீர் ஏறும். புதிய மாத்திரையைப் போட்டுக்கொண்டவர்கள் அன்றாட வேலையைப் பார்க்க முடிந்தது.

கம்பெனிக்கு இது போதவில்லை. சாகக் கிடக்கிறவர்களுக்குச் சில மாதம் கொடுக்கும் மாத்திரையில் என்ன லாபம் என்று கணக்குப் பார்த்தார்கள். ஆராய்ச்சியை நிறுத்திவிடலாம் என்ற பேச்சு வந்தது. நிறுத்தினால் நான் வேலையை விட்டுப் போகிறேன் என்று வால்போல் மிரட்டியதாகச் சொல்வார்கள். எப்படியோ மாத்திரை பிழைத்தது. 1973இல் பிரிட்டனிலும் 1977 டிசம்பரில் அமெரிக்காவிலும், முற்றிய நோய்க்கு மட்டும் என்று அனுமதி கிடைத்தது. அமெரிக்க அனுமதிக்குச் சில மாதம் முன்னால் வால்போல் திடீரென்று இறந்துபோனார். தான் காப்பாற்றிய மருந்து என்ன ஆகும் என்று பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

இதுவரைக்கும் நடந்தது ஒரு சுமாரான மருந்தின் கதை. அதைப் பெரிய மருந்தாக்கியவை சில எலிகள். கிரேக் ஜோர்டன் என்ற, இங்கிலாந்தில் வளர்ந்த இளைஞர் லீட்ஸில் டாக்டர் பட்டம் வாங்கியபோது, வெளித் தேர்வாளராக வந்தவர் வால்போல். அந்தப் பழக்கத்தில், அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் வூஸ்டர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போன ஜோர்டன் இந்த மருந்தைக் கையில் எடுத்தார். மார்பகப் புற்றை உண்டாக்கும் ரசாயனத்தை எலிகளுக்குக் கொடுத்து, கூடவே டமாக்சிஃபெனும் கொடுத்தார். கொஞ்ச நாள் கொடுத்து நிறுத்திய எலிகளுக்குக் கட்டி தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. நிறுத்தாமல் நீண்ட நாள் கொடுத்தவற்றில் பெரும்பாலானவை கட்டியில்லாமல் இருந்தன. மருந்து புற்றுச் செல்லைக் கொல்லவில்லை, வளரவிடாமல் அமர்த்திவைக்கிறது. ஆகவே கையை எடுக்கக் கூடாது. நோய் முற்றிய பிறகு கொடுப்பதைவிட, ஆபரேஷன் முடிந்து கண்ணுக்குத் தெரியாத செல்கள் எங்காவது ஒளிந்திருக்கும்போதே ஆரம்பித்து வருடக்கணக்காகக் கொடுக்க வேண்டும். 1970களின் பின்பாதியில் அவர் சொன்ன யோசனை இது.

அந்த எலிகளை நான் நினைத்துக்கொண்டது எங்கள் சொந்தத்தில் ஒரு மைனியால். ஆபரேஷன், கீமோ, கரண்ட் எல்லாம் பல்லைக் கடித்து முடித்தவர். வைத்தியம் நடந்த காலத்தில் ஒரு தேதி தவறவில்லை. மாத்திரை அட்டைகளைக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி, சாமி படத்துக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். வெட்டியதில் பெயர் போய், சுகர் மாத்திரை எது, பிரஷர் மாத்திரை எது, இது எது என்று பார்த்தால் தெரியாது. அவருக்கு மட்டும் தெரியும். அவரோடு டப்பாவைத் திறந்து பார்த்தபோது டமாக்சிஃபென் நிறையக் கிடந்தது.

“மைனி, இத ஏன் முழுங்கல்ல?”

“தீனந்தான் மாறியாச்சே மக்கா. இனி என்னத்துக்கு அந்தக் குளிகை? போட்டா உடம்பு தீயாட்டு எரியுது, ராத்திரி உறக்கமில்ல.”

“டாக்டர்ட்ட கேட்டியளா?”

“ஒரு குளிகைக்குப் போயா கேப்பாவ!”

மைனியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டி இருந்த இடத்தில் தழும்புதான் இருக்கிறது, ரிப்போர்ட் சுத்தம், மாத்திரையோ எரிச்சலைத் தருகிறது. வலிக்கு மாத்திரை போட்டால் வலி போகிறது. காய்ச்சலுக்குப் போட்டால் காய்ச்சல் விடுகிறது. இது எதையும் போக்கிக் காட்டுவதில்லை. இதன் பலன் நடக்காத ஒன்று. நடக்காததை யார் கண்டு மெச்சுவது? அடுத்த செக்கப்பில் விஷயத்தை டாக்டரிடம் சொல்ல வைத்தோம். அவர் கோபப்படாமல், எரிச்சலுக்குச் சில வழிகளைச் சொல்லி, மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார்.

மைனிக்குச் சொல்வதற்காகவே நான் யோசித்துவைத்த விளக்கம் ஒன்று உண்டு. நம்மூர்க் கல்யாணப் பந்தியில் இலை போட்டாயிற்று. பசியோடு வருகிறவன் ஈஸ்ட்ரோஜன்; அவன் உட்கார்ந்து சாப்பிட்டால் கட்டி வளரும். டமாக்சிஃபென் முந்தி வந்து எல்லா இலைக்கும் முன்னால் உட்கார்ந்துகொள்கிறது. சாப்பிடாது, எழுந்திருக்கவும் செய்யாது. ஈஸ்ட்ரோஜன் நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஒருநாள் மாத்திரையைத் தவறவிட்டால் குடிமுழுகிப் போகாது. உடம்பில் அது மெதுவாகத்தான் குறையும். மாதக்கணக்காக விட்டால் இலைகள் காலியாகும். கட்டியில் ஏற்பியே இல்லாதவர்களுக்குப் பந்தியே கிடையாது, ஆகவே இந்த மாத்திரையால் அவர்களுக்குப் பயனில்லை. அவர்களுக்குக் கீமோவும் வேறு மருந்துகளும்தான் வழி.

எலியில் கண்டது மனிதருக்கும் பொருந்துமா என்பதற்குப் பதில் வர வருடங்கள் ஆயின. முதலில் இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு ஐந்து வருடம். உலகெங்கும் நடந்த இந்தச் சோதனைகளின் கணக்கையெல்லாம் ஆக்ஸ்ஃபோர்டில் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். 2011இல் லான்செட்டில் வந்த முடிவு இது: ஏற்பி உள்ள கட்டிக்கு ஐந்து வருடம் டமாக்சிஃபென் எடுத்தவர்களுக்கு, முதல் ஐந்து வருடத்தில் நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது, பதினைந்து வருடக் கணக்கில் மார்பகப் புற்றால் சாவது மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மாத்திரையை நிறுத்திய பிறகும் அதன் பலன் வருடக்கணக்காகத் தொடர்கிறது என்பது இதில் எனக்கு அதிசயம். அட்லஸ் என்ற பெரிய சோதனை, சிலருக்கு ஐந்தைவிடப் பத்து வருடம் இன்னும் நல்லது என்று 2012இல் காட்டியது. நோய் வர வாய்ப்பு அதிகமுள்ள பெண்களுக்கு வருமுன் காக்கவும் கொடுக்கலாம் என்று 1998இலேயே அமெரிக்கா அனுமதித்திருந்தது. சாகக் கிடக்கிறவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய மாத்திரை, நோயே வராதவர்களின் கைக்கும் போய்ச் சேர்ந்தது.

இந்த மாத்திரைக்கு நம் நாட்டில் ஒரு தங்கை உண்டு. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் நித்யா ஆனந்தும் கூட்டாளிகளும் 1960களில் அதே நோக்கத்தோடு, அதே வகைப் பொருள்களில் தேடினார்கள். அவர்களுக்குக் கிடைத்த சென்ட்குரோமான் கருத்தடைக்குத் தேறியது. 1991இல் ‘சஹேலி’ என்ற பெயரில் வந்த வாரம் ஒருமுறை மாத்திரை அதுதான். அதை விற்ற ஹிந்துஸ்தான் லேட்டக்ஸுக்குத் தலைமையிடம் நமக்குப் பக்கத்திலுள்ள திருவனந்தபுரம். இப்போது அரசு சுகாதார நிலையங்களில் ‘சாயா’ என்று இலவசமாகக் கொடுப்பதும் அதுவே. அக்கா தோற்ற பரீட்சையில் தங்கை பாஸ்.

மற்ற மூன்று வைத்தியத்துக்கும் தனித்தனிப் பிறந்த கதை இருக்கிறது. ஹால்ஸ்டெட்டின் வழித்தெடுக்கும் ஆபரேஷன் தேவையில்லை, கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கரண்ட் வைத்தாலே பலருக்கு ஆயுள் குறைவதில்லை என்பதை அமெரிக்காவின் பெர்னார்ட் ஃபிஷர் 1985இல் கணக்கோடு காட்டினார். மார்பகத்துக்கு நெடுநாள் கொடுத்த கீமோக் கூட்டில் ஒன்றான மெத்தோட்ரெக்சேட், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ் அமெரிக்காவில் நடத்திய ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வந்தது. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறில் தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரி இல்லையென்றால் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு இவற்றில் பாதி எட்டியிருக்காது. ஹெர்-2 என்ற புரதம் மிகுந்த கட்டிக்கு 1998இல் வந்த ட்ராஸ்டுஸுமாப் ஊசியும் நல்ல மருந்துதான். அதற்காக வயலை விற்ற குடும்பங்களும் இருக்கின்றன. ஊசிக்காக வயலை விற்கத் தயாராக இருக்கும் வீட்டிலேயே, சில ரூபாய் மாத்திரை டப்பாவில் கிடக்கிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

மாத்திரை மலிவானதற்கும் காரணம் உண்டு. நம்முடைய 1970ஆம் வருடப் பேடண்ட் சட்டம் மருந்துப் பொருளுக்குப் பேடண்ட் கொடுக்கவில்லை, செய்முறைக்கு மட்டுமே கொடுத்தது. இந்தியக் கம்பெனிகள் தங்கள் வழியில் செய்து விற்க முடிந்தது. அமெரிக்காவிலோ 1985இல் பேடண்ட் கிடைத்து, அந்நாட்டுப் பெண்கள் நெடுங்காலம் அதிக விலை கொடுத்தார்கள். இப்போது உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் நம் தேசியப் பட்டியலிலும் இது இருக்கிறது.

நம் நாட்டுக்கு இது கூடுதலாகத் தேவைப்படுவதற்கும் ஒரு காரணம் சொல்லலாம். மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற வேறு மாத்திரைகள் வந்துவிட்டன. அவர்களுக்கு அவை இன்னும் கொஞ்சம் மேல். மாதவிடாய் நிற்காதவர்களுக்கு அவை தனியாக வேலை செய்யாது. இந்த நோய் வரும் பெண்களில் நாற்பதுகளில் இருப்பவர்களின் பங்கு மேல்நாடுகளைவிட இங்கே அதிகம். அவர்களில் பலருக்கு இன்றும் டமாக்சிஃபென்தான் முதல் துணை. ஆண்களுக்கும் மார்பகப் புற்று வரும், அபூர்வமாக. அவர்களுக்கும் இதைத்தான் கொடுக்கிறார்கள்.

குற்றமே இல்லாத மருந்து என்று சொல்லமாட்டேன். மைனி சொன்ன அந்த எரிச்சல் நிஜம். மார்பில் ஈஸ்ட்ரோஜனை எதிர்க்கும் இதே மாத்திரை கருப்பையில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்கிறது. அதனால் அபூர்வமாகக் கருப்பையின் உள்சுவரில் புற்று வரலாம். மாதவிடாய் நின்ற பிறகு உதிரம் பட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு முட்டினால், ரத்தம் உறைந்திருக்கலாம், காத்திருக்கக் கூடாது. மாத்திரை எடுக்கும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், ஃப்ளூவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் போன்றவை, ஈரலில் இது முழு மருந்தாக மாறுவதைத் தடுக்கும். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் இதை எடுக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். இத்தனையையும் ஒரு தட்டில் வைத்து, நோய் திரும்பாமல் காப்பதை மறுதட்டில் வைத்தால், ஏற்பி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பலனின் தட்டுதான் தாழும்.

மயிலாடியிலோ அக்கம்பக்கத்திலோ இந்த நோய்க்கு வைத்தியம் முடித்துவந்த அம்மை, அக்கா, மைனி, சித்தி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இன்றைக்கு அவர்களுடைய ஃபைலை எடுத்துப் பாருங்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் ஏற்பிகளைக் குறிக்கும் இ.ஆர்., பி.ஆர். என்று இரண்டு வரி இருக்கும். ஒன்றாவது பாசிடிவ் என்றிருந்து சீட்டில் ஹார்மோன் மாத்திரை எதுவும் இல்லையென்றால், ஏன் என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்தப் பரிசோதனையே நடக்கவில்லையென்றால், ஆபரேஷனில் எடுத்துப் பாதுகாத்துவைத்த திசுவில் இப்போதும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். சீட்டில் மாத்திரை இருந்தால், டப்பாவைத் திறந்து எண்ணிப் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு ஏறக்குறைய 1,825 மாத்திரை. மிச்சம் கிடந்தால் திட்டாதீர்கள்; எது தொந்தரவு தருகிறது என்று கேட்டு, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நிறுத்தச் சொல்ல வேண்டியவர் அவர் ஒருவரே.